மிடி ஃபைல் ஓடுது, சத்தம் மட்டும் வரல: வீட்டுக் கம்ப்யூட்டரில் எங்கே பார்ப்பது

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் சர்ச் கொயரிலும் கானா கச்சேரியிலும் மெல்லிசைக் குழுவிலும் கீபோர்டு வாசிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கைக்குக் கிடைப்பது மிடி ஃபைல்தான். பென்டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் நேரக்கோடு நகரும், சத்தம் வராது. வந்தாலும் தபேலா இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மணிச் சத்தம் கேட்கும். உடனே சவுண்டு கார்டு போயிடுச்சு என்று முடிவு கட்டி கடைக்கு ஓட வேண்டாம். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரு ரூபாய் செலவில்லாமல் சரியாகக்கூடியவை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பாருங்கள். ஒன்றைச் சரிபார்க்காமல் அடுத்ததற்குத் தாவினால்தான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீணாகும்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிடி ஃபைலுக்குள் சத்தமே கிடையாது. எந்த ஸ்வரத்தை, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தி, எந்த வாத்திய எண்ணில் வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டும்தான் இருக்கும். நாலு நிமிடப் பாட்டு எம்பி3-ல் சுமார் 4 எம்பி வரும். அதே பாட்டு மிடியில் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டளைகளைப் படித்து சத்தமாக மாற்ற ஒரு சின்தசைசர், சுருக்கமாக சின்த், வேண்டும். ஆகவே ஃபைல், பிளேயர், சின்த், ஸ்பீக்கர் என்று நாலு கண்ணிகள். எது அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

1. ஃபைல் உண்மையிலேயே மிடிதானா?

ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். உள்ளே எல்லாம் குப்பை மாதிரித்தான் தெரியும், பயப்பட வேண்டாம். முதல் நாலு எழுத்தை மட்டும் பாருங்கள். எம், டி, ஹெச், டி என்ற நாலு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது மிடி. ஆர், ஐ, எஃப், எஃப் என்று தொடங்கினால் உறை போட்ட மிடியாக இருக்கலாம், வேவ் ஆடியோவாகவும் இருக்கலாம். ஃபைல் அளவைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சிறிய கோண அடைப்புக்குறியுடன் டாக்டைப் அல்லது ஹெச்டிஎம்எல் என்று தொடங்கினால், நீங்கள் டவுன்லோடு செய்தது பாட்டு அல்ல, ஒரு வெப் பக்கம். இது நிறையப் பேருக்கு நடக்கிறது. நோட்பேடை மூடும்போது சேவ் செய்யாதீர்கள், செய்தால் ஃபைல் கெட்டுவிடும்.

எம்பி3-ஐ மிடி என்று பெயர் மாற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. பெயரை மாற்றினால் ஃபைல் மாறாது.

கேஏஆர் என்று முடியும் ஃபைல் வந்தால் கவலை வேண்டாம். அது பாடல் வரிகள் சேர்ந்த கரோகே மிடி, மிடி பிளேயர்களில் ஓடும். கம்ப்யூட்டரில் ஓடி, கீபோர்டில் பென்டிரைவ் போட்டால் மட்டும் ஓடவில்லை என்றால் அது வேறு பிரச்சினை. மிடி ஃபைலில் ஃபார்மேட் 0, ஃபார்மேட் 1 என்று இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. பல பழைய கீபோர்டுகள் 0-வை மட்டும்தான் படிக்கும். மிடி ஃபைலைத் திருத்தும் புரோகிராமான மிடி எடிட்டரில் திறந்து ஃபார்மேட் 0 என்று சேவ் செய்தால் போதும்.

2. சத்தம் வேறு எங்காவது போகிறதா?

முதலில் ஒரு எம்பி3 பாட்டைப் போடுங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் மிடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்பீக்கர் பக்கம்தான் கோளாறு.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்டு, அவுட்புட் என்று போங்கள். ஹெச்டிஎம்ஐ வயரில் மானிட்டரோ டிவியோ மாட்டியிருந்தால், விண்டோஸ் பல நேரம் சத்தத்தை அதற்குத் திருப்பிவிடும். மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. சத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கும். யூஎஸ்பி வழியாக ஆடியோவும் அனுப்பக்கூடிய புதிய கீபோர்டுகளில் இன்னொரு சிக்கல் வரும். கீபோர்டை மாட்டிய நொடியில் விண்டோஸ் அதையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளலாம். கீபோர்டு வால்யூம் குறைவாக இருந்தால் மொத்தமும் ஊமையாகிவிடும். அவுட்புட் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரை மறுபடி தேர்ந்தெடுங்கள். பிளேயர் திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டும், ஓடும்போதே மாற்றினால் சில புரோகிராம்கள் பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

எம்பி3 கேட்கிறது, மிடி மட்டும் இல்லை என்றால், மிடி ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் மிக்ஸரைத் திறங்கள். அந்த பிளேயர் மட்டும் மியூட்டில் இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

3. சின்த் வேலை செய்கிறதா?

விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சின்த் என்று ஒன்று இருக்கிறது. அது எடுக்கும் வாத்திய ஒலிகள் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் ஜிஎம்.டிஎல்எஸ் என்ற ஃபைலில் இருக்கும். சுமார் 3.3 எம்பி. யாரோ சுருக்கிப் போட்ட 'லைட்' விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், அந்த ஃபைல் அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சோதிக்க நல்ல வழி, மியூஸ்ஸ்கோர் என்ற இலவச புரோகிராமை நிறுவி அதே ஃபைலைத் திறப்பது. மியூஸ்ஸ்கோர் விண்டோஸின் சின்த்தை நம்பியிருக்காது, தன்னுடைய வாத்திய ஒலிகளைத் தானே கொண்டுவருகிறது. அதில் கேட்டு, விண்டோஸ் மீடியா பிளேயர் லெகசியில் கேட்கவில்லை என்றால், ஃபைலும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு விண்டோஸ் சின்த்தில். இரண்டிலும் கேட்கவில்லை என்றால் படி 1-க்குத் திரும்புங்கள். இந்த ஒரு சோதனை பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

விஎல்சியை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். எல்லாம் ஓட்டும் என்ற நம்பிக்கையில் பலரும் முதலில் அதைத்தான் திறக்கிறார்கள். சவுண்ட்ஃபான்ட் என்ற வாத்திய ஒலி ஃபைல் ஏற்பாடு இல்லாமல் அதில் மிடி பேசாது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: பெரும்பாலும் சின்த் எதுவும் தானாக ஓடிக்கொண்டிருக்காது. மிடி த்ரூ என்று பட்டியலில் 14-ஆம் எண்ணில் தெரிவது வெறும் வழிப்பாதை, அதற்கு அனுப்பினால் எதுவும் கேட்காது. ஃப்ளூயிட்சின்த் என்ற இலவச சின்த், அதனுடன் ஒரு சவுண்ட்ஃபான்ட், இரண்டையும் நிறுவி, ஃப்ளூயிட்சின்த் ஓடும்போது அதன் போர்ட்டுக்கு அனுப்புங்கள்.

4. நல்ல சவுண்ட்ஃபான்ட் போடுவது

விண்டோஸ் சின்த் வேலை செய்தாலும் அதன் வாத்தியங்கள் பொம்மைச் சத்தம்தான். சவுண்ட்ஃபான்ட் என்பது வாத்திய ஒலிகள் அடங்கிய ஃபைல், எஸ்எஃப்2 என்று முடியும். ஜெனரல்யூசர் ஜிஎஸ் சுமார் 30 எம்பி, ஃப்ளூயிட்ஆர்3 ஜிஎம் சுமார் 140 எம்பி. இரண்டும் இலவசம். 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு முதலாவதே போதும். அளவு பெரிதானால் தரமும் பெரிதாகும் என்று 1 ஜிபி சவுண்ட்ஃபான்டைப் போட்டுத் திணற வேண்டாம்.

அதை விண்டோஸில் ஓட்ட கூல்சாஃப்ட் விர்ச்சுவல்மிடிசின்த் என்ற இலவச புரோகிராம் வேண்டும். நிறுவியதும் அதன் கான்ஃபிகரேஷனில் சவுண்ட்ஃபான்ட் பக்கத்துக்குப் போய், பச்சை நிறப் பிளஸ் பட்டனை அழுத்தி, எஸ்எஃப்2 ஃபைலைச் சேர்த்து, அப்ளை கொடுங்கள். இத்தோடு நிறுத்திவிட்டுத்தான் பலர் "ஒண்ணும் மாறலையே" என்கிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் எந்த சின்த் வேண்டும் என்று கண்ட்ரோல் பேனலிலேயே தேர்ந்தெடுக்க முடிந்தது. விஸ்டாவிலிருந்து அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் விண்டோஸ் 7 வரை இதே புரோகிராமின் மிடி மேப்பர் பக்கத்திலும், விண்டோஸ் 8-லிருந்து கூல்சாஃப்ட் மிடிமேப்பர் என்ற தனி புரோகிராமை நிறுவி அதிலும், விர்ச்சுவல்மிடிசின்த்தை டீஃபால்ட்டாக நீங்களே வைக்க வேண்டும். பிறகு பிளேயரை மூடித் திறங்கள்.

சேர்த்த எஸ்எஃப்2 ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டுவைக்காதீர்கள். பின்னொரு நாள் இடம் காலி செய்யும்போது அழிந்துபோகும், சத்தமும் நின்றுவிடும். முதலிலேயே தனி ஃபோல்டர் போட்டு வையுங்கள். இன்னொரு எச்சரிக்கை: சவுண்ட்ஃபான்ட் என்ற பெயரில் இஎக்ஸ்இ ஃபைல் வந்தால் ஓட்டவே கூடாது. சவுண்ட்ஃபான்டுக்கு இன்ஸ்டால் செய்யும் வேலையே இல்லை.

5. சத்தம் வருகிறது, வாத்தியம் மாறி வருகிறது

நம் ஊர்க்காரர்களை அதிகம் குழப்புவது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1991-ல் வந்த ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலில் 128 வாத்தியங்கள். 1 பியானோ, 105 சிதார், 112 ஷெனாய். மிடியில் ஒவ்வொரு வாத்தியத்தின் கட்டளைகளும் போகும் தனிப்பாதைக்குச் சேனல் என்று பெயர். தாளத்துக்கு 10-ஆம் சேனல், அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தாள வாத்தியம்: 36 பேஸ் டிரம், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட். அந்த 128-ல் வீணை இல்லை. 10-ஆம் சேனலின் பொதுத் தாளப் பட்டியலில் மிருதங்கமும் தபேலாவும் பறையும் இல்லை.

ஆனால் யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன் போல இந்தியாவுக்கென்று வரும் கீபோர்டுகளில் இந்திய வாத்தியங்கள் இருக்கின்றன. அவற்றைக் கூப்பிட, வாத்திய எண்ணுக்கு முன்னால் பேங்க் எண் என்று ஒன்று போகும். அந்தக் கம்பெனிக்கு மட்டுமே புரியும் எண் அது. அதே ஃபைலைக் கம்ப்யூட்டரில் போட்டால், உங்கள் சின்த்துக்கு அந்த பேங்க் தெரியாது. அதை விட்டுவிட்டு வாத்திய எண்ணை மட்டும் பார்க்கும், பொதுப் பட்டியலில் அந்த எண்ணில் இருப்பதை வாசிக்கும். தபேலாவின் 'நா' விழ வேண்டிய கட்டையில் சாதா டிரம் செட்டின் கௌபெல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் 'தா தின்' வர வேண்டிய இடத்தில் டங் டங் என்று மணி அடிக்கிறது. ஃபைலில் பிழையில்லை, கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்கு இரண்டு வழி. கேட்பதற்கு மட்டும் வேண்டும் என்றால், அந்தக் கீபோர்டிலேயே வாசிக்கவிட்டு ஆடியோவாகப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மிடியாகவே வேண்டும் என்றால், தபேலா அல்லது மிருதங்க சவுண்ட்ஃபான்டைத் தேடி எடுத்து, எந்தக் கட்டை எந்த அடிக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றி எழுத வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். கீபோர்டின் டேட்டா லிஸ்ட் என்ற ஆவணம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். வாத்திய எண்களும் பேங்க் எண்களும் டிரம் கிட்டின் கட்டை எண்களும் அதில்தான் இருக்கும். கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். எண்களை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில புரோகிராம்கள் 1-லிருந்து எண்ணும், சில 0-விலிருந்து. சிதார் ஓரிடத்தில் 105, இன்னோரிடத்தில் 104. சிதார் கேட்டு பாஞ்சோ வந்தால் காரணம் இதுதான்.

கமகம் அபஸ்வரமாகக் கேட்கிறதா? பிட்ச் பெண்டு, அதாவது ஸ்வரத்தை மேலும் கீழும் இழுக்கும் வசதியின் அளவைப் பாருங்கள். வழக்கமான அளவு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. வாசித்தவர் கீபோர்டில் 12 வைத்து வாசித்திருந்து, அந்த அளவு ஃபைலில் பதிவாகவில்லை என்றால், உங்கள் சின்த் 2 என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு ஆக்டேவ் ஏற வேண்டிய இழுப்பு ஒரு ஸ்வரத்தோடு நின்றுவிடும். சின்த்திலோ எடிட்டரிலோ அந்தச் சேனலுக்கு 12 என்று வைத்தால் சரியாகிவிடும்.

எல்லாமே பியானோவாக வந்தால் ஃபைலில் வாத்திய எண்களே இல்லை என்று அர்த்தம். டிரம்ஸ் மட்டும் பியானோவில் தடதடத்தால், தாளம் 10-ஐ விட்டு வேறு சேனலில் இருக்கிறது. இரண்டும் எடிட்டரில் ஐந்து நிமிட வேலை.

6. கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு சேர்ப்பது

வயரை மாட்டியதும் கட்டையை அழுத்தினால் கம்ப்யூட்டரில் சத்தம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயரில் போவது கட்டளைதான். அதை வாங்கி வாசிக்க ஒரு புரோகிராம் திறந்திருக்க வேண்டும். ரீப்பர் 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம், எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம்.

கீபோர்டின் பின்பக்கம் இரண்டு யூஎஸ்பி இருக்கலாம். நீள்சதுரமாக, டு டிவைஸ் என்று எழுதியிருப்பது பென்டிரைவுக்கு. சதுரமாக, டு ஹோஸ்ட் என்று எழுதியிருப்பது கம்ப்யூட்டருக்கு. பிரின்டருக்குப் போடும் அதே வயர்தான், 3 மீட்டருக்குள் இருக்கட்டும். சின்ன கண்ட்ரோலர் கீபோர்டுகளுக்கு மொபைல் வயரை மாட்டுகிறவர்கள் உஷார். சில சார்ஜிங் வயர்களில் டேட்டா கம்பியே இருக்காது. விளக்கு எரியும், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. பழைய யமஹா மாடல்கள் சிலவற்றுக்குக் கம்பெனியின் யூஎஸ்பி-மிடி டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும், புதியவை தானாகவே ஏற்கும்.

யூஎஸ்பி இல்லாத, ஐந்து முள் வட்ட சாக்கெட் உள்ள கீபோர்டு என்றால், யூஎஸ்பி-மிடி வயர் வேண்டும். அதில் இன், அவுட் என்று இரண்டு முனை. இன் என்று எழுதியதைக் கீபோர்டின் அவுட்டில் மாட்டுங்கள், அவுட்டை இன்-இல். வயரில் எழுதியிருப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பார்வையில். ஒத்த பெயரை ஒத்த பெயரில் மாட்டிவிட்டு வயர் டெட் என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் நிறைய. மாற்றி மாட்டிப் பார்த்தால் எதுவும் எரிந்துவிடாது, தைரியமாகப் பாருங்கள்.

கட்டளை வந்து சேர்கிறதா என்று பார்க்க, வரும் கட்டளைகளை வரிவரியாகக் காட்டும் மிடி-ஆக்ஸ் என்ற புரோகிராம் போதும். கட்டையை அழுத்தும்போது வரிகள் ஓடினால் வயரும் டிரைவரும் நலம், மிச்சக் கோளாறு உங்கள் இசை புரோகிராமின் செட்டிங்கில். பார்த்து முடித்ததும் மிடி-ஆக்ஸை மூடிவிடுங்கள். விண்டோஸ் 10-இல் ஒரு மிடி போர்ட்டை, அதாவது கட்டளை வந்துபோகும் வாசலை, பொதுவாக ஒரு புரோகிராம்தான் ஒரு நேரத்தில் பிடிக்க முடியும். மிடி அனுமதி கொடுத்த ஒரு குரோம் டேப் திறந்திருந்தாலும் போர்ட் கிடைக்காது.

ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்டால் கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் லோக்கல் என்பதை ஆஃப் செய்யுங்கள், கட்டையை அழுத்தும்போது கீபோர்டு தானே சத்தம் எழுப்புவது நிற்கும். பதிவு முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்; சில மாடல்களில் அது அப்படியே தங்கிவிடும், கீபோர்டு கெட்டுப்போனது போல ஊமையாக நிற்கும். பெடல் தலைகீழாக வேலை செய்தால், பெடலை மிதிக்காமல் மாட்டிவிட்டு அப்புறம் கீபோர்டை ஆன் செய்யுங்கள்.

7. கட்டை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வருகிறது

விண்டோஸ் சின்த் நேரடி வாசிப்புக்கு ஆகாது. அதன் தாமதம் காதுக்கே தெரியும், செட்டிங்கில் குறைக்க வழியில்லை. ரீப்பர் போன்ற புரோகிராமில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ4ஆல் என்ற ஆடியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பஃபரை (சத்தத்தை வெளியே அனுப்புமுன் சேர்த்துவைக்கும் அளவு) 256 சாம்பிளில் வையுங்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது 5.8 மில்லி நொடி. மொத்தத் தாமதம் அதைவிடச் சற்றுக் கூடும், ஆனாலும் வாசிக்கலாம். கர்கர் என்று உடைந்தால் 512-க்கு ஏற்றுங்கள். 1024-க்குப் போனால் பஃபர் மட்டுமே 23 மில்லி நொடி, தாளம் கையை விட்டு நழுவும். புளூடூத் ஹெட்போனில் வாசிக்க முயலவே வேண்டாம், அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி நொடிக்கு மேல். ஃபைலைக் கேட்க மட்டும் என்றால் இந்தப் படியே தேவையில்லை.

8. இரைச்சல், உறுமல், விட்டு விட்டு வருவது

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று ஜாக்கைத் தின்றுவிடும். 3.5 எம்எம் பின்னை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வளையங்களில் கறுப்போ பச்சையோ படிந்திருந்தால், ஒரு காது மட்டும் கேட்பதற்கும் கரகரப்புக்கும் அதுதான் காரணம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்னைத் துடையுங்கள். காய்ந்த பிறகு சாக்கெட்டில் பத்து தடவை சொருகி எடுத்தால் உள்ளே இருக்கும் படலமும் உதிரும். சமையலறை எண்ணெய் எதையும் தொடக்கூடாது.

'உம்ம்' என்ற உறுமல் வேறு கதை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் பிரச்சினை. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டில் இருக்கட்டும். பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிப்பது உயிருக்கும் நல்லது. எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்தச் சொல்லும் ஆலோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எர்த் சரியாக இருந்தும் உறுமினால், ஆடியோ வயரின் நடுவில் உறுமலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு கருவியைப் போடலாம்.

9. வாங்கியே ஆக வேண்டும் என்றால்

இதுவரை வந்தபின்னும் ஒரு பொருள் கெட்டிருப்பது உறுதியானால் மட்டும் கிளம்புங்கள். கம்ப்யூட்டரின் ஆடியோ சாக்கெட் போயிருந்தால் யூஎஸ்பி சவுண்டு அடாப்டர், சுமார் 150 முதல் 500 ரூபாய். பிரின்டர் வகை யூஎஸ்பி வயர் 100 முதல் 250. பெயரில்லாத யூஎஸ்பி-மிடி வயர் 300 முதல் 700 வரை சொல்வார்கள். கடைக்குக் கடை மாறும், பேரம் பேசுங்கள்.

அந்த மலிவு மிடி வயரில் ஒரு ஆபத்து. மிடி இன் பக்கம் ஒளி வழியாக மின்சாரத்தைப் பிரிக்கும் ஆப்டோகப்ளர் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்போது உறுமலும் வரும், வேகமாக வாசித்தால் ஸ்வரமும் விடுபடும். வாரா வாரம் ஆராதனையில் வாசிக்கிறவர், கச்சேரிக்குப் போகிறவர் என்றால், சில ஆயிரம் ஆனாலும் ரோலண்டு யூஎம்-ஒன் மாதிரி பெயருள்ளதை வாங்குங்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போக, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கத்திலிருந்து மெட்ரோ நீல வழித்தடத்தில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் மதியத்துக்கு முன் போங்கள். லேப்டாப்பையும், சின்னதாக இருந்தால் கீபோர்டையும் எடுத்துப் போய், மிடி-ஆக்ஸைத் திறந்துவைத்து, கடையிலேயே மாட்டி, கட்டைகளைக் கடகடவென்று ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். கீபோர்டு பெரிதாக இருந்தால், மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெறும் விசிட்டிங் கார்டின் பின்னால் விலை எழுதிக் கொடுத்தால் அது பில் ஆகாது.